பெட்டி ஒன்று, ரேடியோ இரண்டு

வாசகர் கேள்வி – பதில்

(மின்னணுக் கருவிகள் பற்றிய கேள்விகளுக்கு, குன்னூரில் பட்டறை நடத்தும் எங்கள் கட்டுரையாளர் பதில் சொல்கிறார். இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கம்பியில்லாக் கருவிகளைப் பற்றியவை.)

கேள்வி: கேரட் தோட்டங்களுக்கு உறைபனி எச்சரிக்கைப் பெட்டி செய்து கொடுக்கிறேன். வயலில் இருக்கும் பெட்டி வெப்பநிலையை லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் பேசும்) ரேடியோ வழியாக வீட்டுப் பெட்டிக்கு அனுப்பும். 2 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மணி அடிக்கும். இதுவரை எஸ்எக்ஸ் 1276 சிப் உள்ள மாட்யூல் போட்டேன். இப்போது எனக்குக் கிடைப்பது எஸ்எக்ஸ் 1262 மட்டுமே. பழைய பெட்டிகளும் வயல்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மென்பொருளை முதலிலிருந்து எழுத வேண்டுமா?
– ஒரு வாசகர், கேத்தி பாலாடா

பதில்: வேண்டியதில்லை. ஆனால் கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய நிரலைப் பார்த்தேன். மணி அடிக்கச் சொல்லும் வரிக்கு இரண்டு வரி மேலே சிப்பின் ரிஜிஸ்டர் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவு அறை) எண் உட்கார்ந்திருக்கிறது. உறைபனிக்கும் ரிஜிஸ்டருக்கும் என்ன உறவு? முதலில் அதை அறுத்துவிடுங்கள்.

சிப்பின் கையேட்டை மூடி வைத்துவிட்டு, உங்கள் பெட்டிக்கு ரேடியோவிடம் என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். விழித்துக்கொள், இந்த அலைவரிசைக்குப் போ, இந்தப் பைட்டுகளை அனுப்பு, இத்தனை மில்லிவினாடி கேள், வந்த செய்தியின் வலு என்ன என்று சொல், தூங்கு. இவ்வளவுதானே? சி மொழியில் இந்த ஆறு வேலைக்கும் ஆறு ஃபங்ஷன் பாயின்டர்கள் (எந்த நிரல் பகுதியை ஓட்டுவது என்று காட்டும் சுட்டிகள்) வைத்த ஒரு ஸ்ட்ரக்ட் (பலவற்றை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) போதும். 1276க்கு ஒரு கோப்பு, 1262க்கு ஒரு கோப்பு; இவைதான் அடாப்டர்கள். இரண்டும் அந்த ஸ்ட்ரக்ட்டை நிரப்பித் தர வேண்டும். இந்தச் சிப்களைச் செய்யும் செம்டெக் நிறுவனமே தன்னுடைய லோராமேக்-நோட் என்ற திறந்த மூல நிரலை இப்படித்தான் அமைத்திருக்கிறது. மேலே இருக்கும் நிரலுக்குக் கீழே எந்தச் சிப் என்பது தெரியாது.

இது சுலபமான பாதி. மற்றப் பாதியைப் பற்றித்தான் நான் நீட்டி எழுதப் போகிறேன், ஏனென்றால் மணி அடிக்க வேண்டிய இரவில் அடிக்காமல் போவது அங்கேதான்.

இரண்டு சிப்களுக்கும் இடையே சத்தம் போடும் வேறுபாடுகள் உண்டு, சத்தமே போடாத வேறுபாடுகளும் உண்டு. 1276இல் எல்லாம் ரிஜிஸ்டர். முகவரியைச் சொல்லி எழுத வேண்டும், படிக்க வேண்டும். 1262இல் எல்லாம் கட்டளை. அதோடு ‘பிஸி’ என்று தனியாக ஒரு முனை இருக்கிறது. அது உயர்ந்து நிற்கும்போது கட்டளை கொடுத்தால் சிப் ஏற்றுக்கொள்ளாது. இவை சத்தம் போடும் வகை. தவறாகச் செய்தால் மேசையிலேயே பெட்டி முடங்கிவிடும், நீங்களும் உடனே திருத்திவிடுவீர்கள்.

சத்தம் போடாத வகைக்கு வருவோம். வந்த செய்தியின் வலுவை இரண்டு சிப்களும் ஒரே ஒரு பைட்டாகத்தான் தருகின்றன. 1276இல், நாம் பயன்படுத்தும் உயர் அலைவரிசைப் பக்கத்தில், அந்தப் பைட்டிலிருந்து 157ஐக் கழித்தால் டிபிஎம் (ரேடியோ வலுவை அளக்கும் அலகு) கிடைக்கும். 1262இல் அதே பைட்டை இரண்டால் வகுத்து முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். ஒரு செய்தி -87 டிபிஎம் வலுவோடு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய சிப் 70 என்று சொல்லும், புதிய சிப் 174 என்று சொல்லும். பழைய கணக்கைப் புதிய சிப்பின் பைட்டுக்குப் போட்டால் +17 டிபிஎம் என்று வருகிறது. வயலிலிருந்து வந்து சேர்ந்த செய்தி, ஆன்டெனாவில் ஏறிய வலுவைவிடச் சற்றுத்தான் குறைந்திருக்கிறது என்று பெட்டி நம்பும். பிழை என்று எதுவும் திரையில் வராது.

அடுத்தது காத்திருக்கும் நேரம். ஒரே ஒரு செய்திக்காகக் காத்திருக்கும்போது 1276 நேரத்தை லோரா குறியீடுகளில் எண்ணுகிறது. 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், பரவல் எண் (ஒரு குறியீட்டை எவ்வளவு நீட்டி அனுப்புவது என்பது) 7 என்றால் ஒரு குறியீடு 1.024 மில்லிவினாடி, பரவல் எண் 12 என்றால் 32.768 மில்லிவினாடி. ஆகவே 100 என்று எழுதினால் ஓரிடத்தில் பத்தில் ஒரு வினாடி, இன்னோரிடத்தில் மூன்றேகால் வினாடி. 1262 எண்ணுவது 15.625 மைக்ரோவினாடித் துண்டுகளில். அதுமட்டுமல்ல, அங்கே பூஜ்யம் என்றால் ‘நேர வரம்பே இல்லை, செய்தி வரும்வரை கேள்’ என்று பொருள். உடனே திரும்பிவிடும் என்று நினைத்துப் பூஜ்யம் கொடுத்த நிரல், விடிய விடியக் கேட்டுக்கொண்டே இருந்து பேட்டரியைத் தின்றுவிடும்.

மூன்றாவது, உங்களுக்கு மிக முக்கியமானது: பழைய பெட்டியும் புதிய பெட்டியும் பேசிக்கொள்ள வேண்டும். 1276இல் ஒத்திசைவுச் சொல் (ஒரே வலையின் பெட்டிகள் ஒன்றையொன்று அடையாளம் காணும் குறி) ஒரு பைட், தனியார் வலைக்கு ஹெக்ஸில் (16ஐ அடியாகக் கொண்ட எண்முறை) 12. 1262இல் அதுவே இரண்டு பைட், ஹெக்ஸில் 1424. லோராவின் மேல் ஓடும் பொது வலையான லோராவேனுக்கு முன்னதில் 34, பின்னதில் 3444. இந்த மாற்றத்தைச் செய்யாவிட்டால் இரண்டு பெட்டிகளையும் ஒரே மேசையில் வைத்தாலும் ஒன்று சொல்வது மற்றதன் காதில் விழாது. பரவல் எண்ணை 7 முதல் 12க்குள் வைத்துக்கொள்ளுங்கள். 5 புதிய சிப்பில் மட்டும்தான் இருக்கிறது, 6 இரண்டிலும் இருந்தாலும் ஒத்துப்போகாது.

அதனால் ஸ்ட்ரக்ட்டை மட்டும் எழுதிவிட்டு இடைமுகம் தயார் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் தமிழிலேயே ஒரு வரி எழுதுங்கள். நேரம் எப்போதும் மில்லிவினாடியில். வலு எப்போதும் டிபிஎம்மில். பூஜ்யம் கொடுத்தால் காத்திருக்காமல் திரும்ப வேண்டும். ‘அனுப்பு’ என்றால் உடனே திரும்பிவிடும், அனுப்பி முடிந்த செய்தி பிறகு தனியாக வரும். இந்த வாக்குறுதியைக் காப்பாற்றுவது அந்தந்த அடாப்டர் கோப்பின் பொறுப்பு. கணக்குப் போடுவது, மாற்றுவது எல்லாம் அதற்குள்ளேயே நடக்கட்டும்.

இன்னொன்று. சிப் வேறு, போர்டு வேறு. 1262 உள்ள இரண்டு மாட்யூல்களை வாங்கினால், ஒன்றில் சாதாரணப் படிகம் (அலைவரிசையை நிலையாக வைத்திருக்கும் பாகம்) இருக்கும், மற்றொன்றில் வெப்பநிலைக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் படிகம் இருக்கும். இரண்டாவது வகையில் பெரும்பாலும் சிப்பின் டிஐஓ 3 முனைதான் படிகத்துக்கு மின்சாரம் தருகிறது. அதை மென்பொருள் சொன்னால்தான் தரும். இந்த விவரத்தை 1262 கோப்புக்குள் புதைக்காதீர்கள். எந்த முனை எங்கே போகிறது, எந்தப் படிகம், அதிகபட்சம் எத்தனை டிபிஎம் என்பதை எல்லாம் போர்டுக்கு ஒன்றாகத் தனிக் கோப்பில் வையுங்கள். அடுத்த ஆண்டு வேறு மாட்யூல் வந்தால் அந்தச் சிறு கோப்பு மட்டும் மாறும்.

சோதனை: பழையது அனுப்பப் பழையது கேட்க, பழையது அனுப்பப் புதியது கேட்க, பிறகு இவற்றின் மறுதலை என நான்கையும் பாருங்கள். பகல் வெயிலில் வராந்தாவில் அல்ல. குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குவதால் உங்கள் பாலாடாவின் அடிவயலில்தான் பனி முதலில் உறையும். பெட்டி நிற்கப் போவது அங்கே, ஆகவே விடியற்காலை சோதனையும் அங்கேதான். படிகத்தின் ஓட்டம் குளிரில் விலகுகிறதா என்பது வேறெங்கும் தெரியாது.

கேள்வி: இறுதியாண்டுத் திட்டமாகக் கம்பியில்லா வானிலைப் பெட்டி செய்கிறேன். ‘இப்போதே பத்து அடாப்டருக்கு இடம் விட்டு எழுது’ என்கிறார் பேராசிரியர். ‘இஃப்டெஃப் (எந்த வரிகளைச் சேர்ப்பது என்று தொகுக்கும்போதே சொல்லும் குறி) போட்டுவிட்டால் போதும்’ என்கிறார்கள் தோழிகள். யார் சொல்வது சரி?
– பொறியியல் மாணவி, உதகை

பதில்: பேராசிரியர் அவசரப்படுகிறார், தோழிகள் சோம்பல்படுகிறார்கள்.

ஒரே ஒரு சிப்பை வைத்துக்கொண்டு எழுதும் பொது இடைமுகம் அந்தச் சிப்பின் சாயலிலேயே அமையும். ரிஜிஸ்டர் என்ற சொல்லை எடுத்துவிட்டிருப்பீர்கள், ஆனால் அதன் பழக்கங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். இரண்டாவது சிப் மேசைக்கு வந்த அன்றுதான் எது பொது, எது அதன் தனிக்குணம் என்று கண்ணுக்குத் தெரியும். அதுவரை செய்ய வேண்டியது ஒன்றே: ரேடியோ சம்பந்தப்பட்ட வரிகளை எல்லாம் ஒரே கோப்பில் குவித்து வையுங்கள். பிரிப்பது பிறகு எளிது.

இஃப்டெஃப் கெட்டதல்ல. 32 கிலோபைட் நினைவகம் உள்ள மைக்ரோகன்ட்ரோலரில் இரண்டு சிப்களின் நிரலையும் சுமக்க இடம் போதாமல் போகலாம். எந்தக் கோப்பைச் சேர்க்க வேண்டும் என்பதைத் தொகுக்கும்போதே முடிவு செய்ய வேண்டியதுதான். அந்த முடிவு ஓரிடத்தில் இருக்கட்டும். நிரல் முழுவதும் ஐந்து விதமான இஃப்டெஃப்களைத் தூவினால் சோதிக்க வேண்டிய கூட்டணிகள் 32 ஆகும். அந்த 32ஐயும் யார் சோதிக்கப் போகிறார்கள்? தோழிகளா?

நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்ற நிரலின் மூலத்தைத் திறந்து பாருங்கள். வைஃபை கடவுச்சொல்லைச் சரிபார்த்து இணைத்துவிடும் நிரல் அது. லினக்ஸின் புதிய இடைமுகமான என்எல் 80211க்கு ஒரு கோப்பு, பழைய வயர்லெஸ் எக்ஸ்டென்ஷன்ஸுக்கு ஒன்று, பிஎஸ்டிக்கு ஒன்று, விண்டோஸுக்கு ஒன்று என்று டிரைவர்கள் தனி அறையில் இருக்கின்றன. கடவுச்சொல் கைகுலுக்கல் நடக்கும் பகுதிக்கு அவற்றின் பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை. பேராசிரியருக்கும் காட்டுங்கள்.

கேள்வி: மூடுபனி இறங்கினால் எங்கள் எஸ்டேட்டில் லோரா செய்தி வருவதில்லை. மென்பொருளில் ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு கண்காணிப்பாளர், கோத்தகிரி

பதில்: மூடுபனியின் மேல் பழி போடாதீர்கள். 865 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர்; பனித்துளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அலை அதைக் கவனிக்கவே கவனிக்காது. நனைந்த சில்வர் ஓக் இலைகளையும் நடுவில் நிற்கும் மேட்டையும்தான் கவனிக்கும். அதோடு ஆன்டெனா இணைப்பில் ஈரம் இறங்குகிறதா என்று பாருங்கள். ஸ்பேனரும் ரப்பர் டேப்பும் போதும், மென்பொருள் வேண்டாம்.

கேள்வி: விலை குறைவு என்று இணையத்தில் 433 மெகாஹெர்ட்ஸ் மாட்யூல்கள் வாங்கினேன். மென்பொருளில் 865 என்று வைத்தேன், மறுக்காமல் ஏற்றுக்கொண்டது. ஆனால் செய்தி ஒரு தெருவைக்கூடத் தாண்டவில்லை. ஏன்?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: சிப் ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் 1276 என்ற சிப் 137 முதல் 1020 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கு வேண்டுமானாலும் போகக்கூடியது. மாட்யூல் அப்படி அல்ல. சிப்புக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே உள்ள சிறு சுருள்களும் மின்தேக்கிகளும் 433க்கென்று பொருத்தப்பட்டவை. தாழ்ந்த அலைவரிசையைக் கேட்க சிப்பில் ஒரு வாசல், உயர்ந்ததைக் கேட்க வேறு வாசல். உங்கள் மாட்யூலில் இரண்டாவது வாசலுக்கு ஆன்டெனாவின் இணைப்பே இல்லாமல் இருக்கலாம்.

தான் எந்தப் போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கிறோம் என்று சிப்புக்குத் தெரியாது. ஆகவே மென்பொருள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. மேலே பாலாடா வாசகருக்குச் சொன்ன போர்டுக் கோப்பில் ‘இந்த மாட்யூல் இந்தப் பட்டைக்கு மட்டும்’ என்று எழுதி, அதற்கு வெளியே வைத்தால் தொடங்க மறுக்கும்படி செய்யுங்கள்.

சட்டப்படி எது சரி என்பதற்கு வேறு அட்டவணை வேண்டும். அது அடாப்டருக்கு மேலே, நாட்டுக்கு ஒன்றாக இருக்க வேண்டும். நம் நாட்டில் 865 முதல் 867 வரை உரிமம் வேண்டாத பட்டையாக 2005இலேயே அறிவிக்கப்பட்டது. லோராவேனின் இந்தியத் திட்டத்தில் 865.0625, 865.4025, 865.985 என்ற மூன்று அலைவரிசைகள் எப்போதும் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்கள் பலவற்றில் 915 என்று இருக்கும். அது அமெரிக்காவின் 902–928 பட்டைக்கு எழுதியது. இங்கே கைபேசிகளுக்கு ஒதுக்கிய பட்டையை ஒட்டி நிற்கும் இடம் அது. அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: காட்டெருமை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் கருவியில் இரண்டு வகை சிம் மாட்யூல்கள் பயன்படுத்துகிறோம். ஒன்றில் சிக்னல் 20 என்று வருகிறது. இன்னொன்றின் நிரல் -73 என்று காட்டுகிறது. எதில் சிக்னல் அதிகம்?
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: இரண்டும் ஒன்றுதான்!

ஏடி+சிஎஸ்க்யூ என்ற கட்டளைக்கு மாட்யூல் 0 முதல் 31 வரை ஓர் எண்ணைச் சொல்லும். அதை இரண்டால் பெருக்கி 113ஐக் கழித்தால் டிபிஎம். 20 என்றால் 40 கழித்தல் 113, அதாவது -73. ஒரு நிரலை எழுதியவர் கணக்குப் போட்டிருக்கிறார், மற்றவர் போடாமல் விட்டிருக்கிறார். பச்சைத் தேயிலை வாங்கும் இடத்தில் எந்தத் தராசு இருந்தாலும் புத்தகத்தில் ஏறுவது கிலோதான். அதுபோல அடாப்டரின் வாசலைத் தாண்டும்போதே டிபிஎம் ஆக்கிவிடுங்கள்.

ஓர் எண்ணை மட்டும் தனியாகக் கவனியுங்கள்: 99. ‘தெரியாது, அளக்க முடியவில்லை’ என்று பொருள். அதையும் இரண்டால் பெருக்கினால் +85 டிபிஎம் வரும். கோபுரத்தைத் தேடித் தவிக்கும் மாட்யூலுக்குத்தான் ஊரிலேயே சிறந்த சிக்னல் என்று உங்கள் நிரல் முடிவு செய்து அதன் வழியாகவே எச்சரிக்கையை அனுப்பப் பார்க்கும். எருமை அதற்குள் தோட்டத்தை முடித்துவிடும். இடைமுகத்தில் ‘தெரியாது’ என்ற பதிலுக்குத் தனி இடம் வையுங்கள். பூஜ்யத்தையோ -1ஐயோ அதற்குப் பதிலாகப் போடாதீர்கள். அவையும் எண்களே, எங்காவது ஒரு சராசரிக்குள் நுழைந்துவிடும்.

குறுஞ்செய்திக் கட்டளைகள் தரப்படுத்தப்பட்டவை, பெரும்பாலும் ஒத்துப்போகும். இணையத்துக்குப் போகும்போதுதான் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனிக் கட்டளை வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் இப்போதே கோப்பைப் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: பள்ளியின் லினக்ஸ் கணினிகளுக்கு முன்பு வாங்கிய அதே பெயருள்ள வைஃபை யூஎஸ்பி அடாப்டரை மறுபடி வாங்கினோம். பழையவை வேலை செய்கின்றன, புதியவை செய்யவில்லை. போலியா?
– ஓர் ஆசிரியர், அருவங்காடு

பதில்: போலியாக இருக்க வேண்டும் என்பதில்லை. பெட்டியில் அச்சடித்த பெயர் ஒன்றாகவே இருக்க, உள்ளே இருக்கும் சிப்பை மாற்றிவிடுவது இந்த வியாபாரத்தில் வழக்கம். சிறிய எழுத்தில் ‘வெர்ஷன் 2’ என்று எங்காவது இருக்கும், தேடிப் பாருங்கள். லினக்ஸ் அந்தப் பெயரைப் பார்ப்பதில்லை. அடாப்டரைச் செருகியதும் அது தயாரிப்பாளர் எண், பொருள் எண் என்று இரண்டு எண்களைச் சொல்கிறது; அவற்றை வைத்துத்தான் டிரைவர் தேர்வாகிறது. எல்எஸ்யூஎஸ்பி என்று தட்டினால் அந்த எண்கள் தெரியும். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் போங்கள், எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

மாணவர்களுக்குச் சொல்ல ஒரு செய்தியும் இதில் இருக்கிறது. ஒரு காலத்தில் லினக்ஸில் வைஃபை டிரைவர்கள் பல, நெறிமுறையின் பெரும்பகுதியைத் தாங்களே சுமந்தன. 2007இல் வந்த 2.6.22 கர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) மேக் 80211 என்ற பொது அடுக்கு சேர்ந்தது. இணைவது, பிரிவது போன்ற பொது வேலைகள் அங்கே போயின. சிப்புக்கே உரியது மட்டும் டிரைவரில் தங்கியது. ஆனால் சில சிப்கள் அந்தப் பொது வேலைகளையும் தாங்களே செய்துகொள்ளும். அவற்றை வற்புறுத்தி அந்த அடுக்குக்குள் திணிக்கவில்லை. அதற்கும் மேலே சிஎஃப்ஜி 80211 என்று இன்னொரு அடுக்கு வைத்து, அவை நேராக அங்கே இணைய இடம் கொடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது. ஐடபிள்யூ லிஸ்ட் என்று தட்டினால், செருகியிருக்கும் அடாப்டருக்கு என்னென்ன செய்யத் தெரியும் என்ற பட்டியல் வரும். நிரல் எழுதுபவர் நம்ப வேண்டியது அந்தப் பட்டியலை. அடாப்டரின் பெயரை அல்ல.

கேள்வி: உதகை அருகே முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கிக்கு நம் பெட்டிகள் தொந்தரவாகுமா?
– பள்ளி மாணவர், நஞ்சநாடு

பதில்: 1970 முதல் இயங்கும் அந்த 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸை ஒட்டி. லோரா பெட்டி பேசுவது 865இல். எனக்குப் பெட்டியின் ரேடியோவைவிட, அதோடு சேர்த்து விற்கும் மட்டமான சார்ஜரின் மேல்தான் சந்தேகம். அது எந்த அலைவரிசை என்று பார்க்காமல் இரைச்சலைத் துப்பும்.

கேள்வி: மூன்று வகை ரேடியோ மாட்யூல்களுக்கு மென்பொருள் எழுதுகிறோம். எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது; மற்றவை மதுரையில் இருக்கும் கூட்டாளியிடம். சோதிப்பது எப்படி?
– இரண்டு நண்பர்கள், கொடைக்கானல்

பதில்: நான்காவதாக ஓர் அடாப்டர் எழுதுங்கள், சிப்பே இல்லாமல். பாலாடா வாசகருக்குச் சொன்ன அதே ஸ்ட்ரக்ட், அதே ஆறு வேலைகள். ‘அனுப்பு’ என்றால் கணினியின் நினைவகத்தில் ஒரு வரிசையில் போட்டுவிட்டு, ‘கேள்’ என்றால் அதிலிருந்து எடுத்துத் தர வேண்டும். சாதாரணக் கணினியிலேயே ஓடும், யாரிடம் எந்த மாட்யூல் இருக்கிறது என்பது பொருட்டில்லை.

ஆனால் அந்தப் பொய் அடாப்டர் நல்லபிள்ளையாக நடந்தால் பயனில்லை. சில செய்திகளை விழுங்கட்டும். ஒரே செய்தியை இரண்டு முறை தரட்டும். ‘அனுப்பி முடிந்தது’ என்பதை வெகுநேரம் கழித்துச் சொல்லட்டும், சில வேளை சொல்லாமலே போகட்டும். வலுவைக் கேட்டால் ‘தெரியாது’ என்று சொல்லட்டும். உங்கள் மேல்நிரல் இத்தனையையும் தாங்கினால், மதுரைப் பெட்டியில் வரும் பிழைகள் பெரும்பாலும் அந்த ஒரு கோப்புக்குள்ளேயே இருக்கும், தேடுவது எளிது.

பிறகு, அடாப்டர் தன் வாக்குறுதியைக் காப்பாற்றுகிறதா என்று பார்க்கும் ஒரு சிறு நிரலைத் தனியாக எழுதுங்கள். 200 மில்லிவினாடி கேட்கச் சொன்னால் ஏறக்குறைய 200இல் திரும்புகிறதா, பூஜ்யம் கொடுத்தால் உடனே வருகிறதா, தூங்கி எழுந்த பிறகு அலைவரிசை நினைவிருக்கிறதா என்பவை போன்ற கேள்விகள். இதே நிரலை மாற்றாமல் கூட்டாளிக்கு அனுப்பி அவருடைய மாட்யூல்களிலும் ஓட்டச் சொல்லுங்கள், முடிவுக் கோப்பை மட்டும் திருப்பி அனுப்பினால் போதும். ‘இங்கே ஓடுகிறது, அங்கே ஏன் ஓடவில்லை’ என்று தொலைபேசியில் சண்டை போடுவதைவிட அது மலிவு. மூன்று மாட்யூல்களின் மேலும் வகைப் பெயரை ஒட்டி, அந்தப் பெயரை முடிவுக் கோப்பின் முதல் வரியில் எழுதச் சொல்லவும் மறக்காதீர்கள்.